லேசர் மெஷினும் லாங் சைஸ் நோட்டும்

லேசர் மெஷின் வாங்கலாமா, கட்டுபடியாகுமா என்று இந்த இரண்டு வருடத்தில் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் என்னோடு வேலை பார்த்தவர், பேரனுக்காகக் கேட்டார். நானோ யு.டி.சி.யாக ஓய்வு பெற்றவன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, இலக்கணமும் திக்தேயும் தவிர வேறு கைத்தொழில் கற்காதவன். ஆனாலும் கேட்கிறார்கள். காரணம், எங்கள் வீட்டு முன்னறையில் இளைய மகள் அந்த மெஷினை வைத்துத் தொழில் செய்கிறாள். காலையும் மாலையும் நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இனி கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மேசை அளவுள்ள இரும்புப் பெட்டி. மேலே மூடி. உள்ளே பின்பக்கமாக நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று படுத்திருக்கிறது. அதற்குள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்து அடைத்திருக்கிறார்கள். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் கொடுத்தால் குழாயின் ஒரு முனையிலிருந்து கதிர் புறப்படும். மூன்று சிறு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் ஒரு லென்ஸ் வழியாகக் கீழே ஊசிமுனையாக இறங்கும். அது பட்ட இடத்தில் அக்ரிலிக் ஆவியாகிறது, மரம் கருகி வெட்டுப்படுகிறது. இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பாக ஒரு புள்ளி தெரியுமே, அது இடம் காட்ட வைத்த வேறொரு சின்ன விளக்கு. கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால்தான் மூடியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது.

இந்த வகை லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். இதை நான் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. மெஷின் சைனாவிலிருந்து வருகிறதே என்கிறார்கள். மெஷின் எங்கிருந்து வந்தால் என்ன, மூலம் நம்மவர்.

இனி வாங்கிய கதை. மகள் பன்னிரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் டிசைன் செய்தவள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு நாள் அவள் நேராகவே கேட்டாள்: "அப்பா, நாலு லட்சம் கடனா குடுங்க. தானமா வேணாம்." என் கையில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஃபிக்சட் டெபாசிட். வீட்டம்மா ஒப்பவில்லை. "அது நம்ம ஆஸ்பத்திரிக் காசுங்க. நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ ஒண்ணுன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?" என்றாள். குசினியில் நின்றபடி மகளும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டம்மா சொன்னதில் தவறே இல்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு வங்கியில் இருக்கும் பணம்தான் பாதித் தெம்பு. மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் மகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்: மாதம் 8,000 ரூபாய், 50 தவணை. கையெழுத்தும் போட்டிருந்தாள். அம்மா அதை வாங்கி ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் வைத்துப் பூட்டினாள். அதுதான் சம்மதம்.

2023 ஜூன் மாதம் சென்னைக்குப் போய் மூன்று இடம் பார்த்தோம். மூன்று இடத்திலும் முதலில் காட்டியது மெஷினின் வெளிப்பூச்சும் திரையும்தான். மகள் அதைப் பார்க்கவேயில்லை. குழாய் எத்தனை வாட், எந்தத் தேதியில் செய்தது, உத்தரவாதம் எழுத்தில் தருவீர்களா, லென்ஸ் மாற்ற வேண்டுமானால் இங்கே கிடைக்குமா, உங்கள் மெக்கானிக் புதுச்சேரிக்கு வருவாரா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒரு கடைக்காரர் சலித்துக்கொண்டார். குழாயில் தேதி பார்ப்பது முக்கியம். ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் உள்ளே இருக்கும் வாயு மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். மருந்துச் சீட்டில் பார்க்கிற மாதிரி பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பேச்சு நீண்டது குளிர்விக்கும் விஷயத்தில். குழாயைச் சுற்றி எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும். ஒரு கடையில், மீன் தொட்டிக்குப் போடும் மோட்டாரும் ஒரு பக்கெட் தண்ணீரும் போதும் சார் என்றார்கள். இன்னொரு கடையில் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அதில் விசிறியும் ரேடியேட்டரும் மட்டும்தான். அறையின் சூட்டுக்குக் கீழே தண்ணீரை இறக்க அதனால் முடியாது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் குழாய்த் தண்ணீரே கை சுடும். அதனால் ஃபிரிட்ஜில் இருப்பது போல கம்ப்ரசர் உள்ள சில்லர்தான் வேண்டும் என்று மகள் நின்றுவிட்டாள். கடைசியில் 80 வாட் மெஷின், சில்லர் உட்பட, வரியும் சேர்த்து 3,65,800 ரூபாய். மீதியிருந்த 34,200 ரூபாய் வேறு செலவுகளில் கரைந்தது.

அந்த வேறு செலவுகளைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மெஷினுக்கென்று தனியாக எர்த் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டோம். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர். புகையை வெளியே தள்ள விசிறியும் குழாயும். அந்தக் குழாய் முதலில் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. எம்.டி.எஃப். பலகை வெட்டும் புகை, கருகிய கற்பூரப் பெட்டி மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டம்மா இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் வந்துவிட்டார். குழாயை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றினோம். இப்போது அவர் மருமகளே வளைகாப்புக்குப் பெட்டி செய்துகொண்டு போகிறாள்.

குளிர்ச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரை ரொம்பக் குளிர வைத்தாலும் ஆபத்து. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வெளியே வியர்க்கும் இல்லையா? நம் கடற்காற்றில் குழாயும் அப்படியே வியர்க்கும். இருபதாயிரம் வோல்ட் ஓடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் பொறி பறக்கும். அறையின் ஈரப்பதத்தைக் குறைக்க ஏ.சி. வேண்டும் என்றார் மெக்கானிக். கையில் பணம் இல்லை. எங்கள் படுக்கையறை ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள் வீட்டம்மா. "எனக்கு எப்பவும் ஃபேன் காத்துதான் ஒத்துக்கும்" என்றாள். அந்த ஏ.சி.யை வாங்கச் சொல்லி இரண்டு கோடை என்னை நச்சரித்தவள் அவள்தான்.

தண்ணீரும் எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆகாது. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. மின்சாரம் கடத்தும், குழாயில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைக் கேனாக வாங்கி ஊற்றுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தவறினால் பாசி பிடிக்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றாலும் கெடுதல். குமிழி நிற்கும் இடத்தில் தண்ணீர் படாது, அங்கே சூடேறிக் கண்ணாடி விரிசல் விடும். காலையில் மெஷினைப் போட்டதும் டார்ச் அடித்துக் குமிழி பார்ப்பது என் வேலை.

இனி எழுத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் ருசி. ஆங்கில எழுத்தை அக்ரிலிக்கில் வெட்டுவது சுலபம், பெரும்பாலும் ஓர் எழுத்து ஒரே துண்டாக வந்துவிடும். தமிழ் அப்படி இல்லை. 'செல்வ இல்லம்' என்று வீட்டுப் பெயர்ப்பலகை. எழுத்து ஏழு. வெட்டி எடுத்தால் துண்டு பதினொன்று: கொம்பு தனி, மூன்று புள்ளிகள் தனி. பதினொன்றையும் வரிசை பிசகாமல் ஒட்ட வேண்டும். மேற்குப் பார்த்த கேட்டில் மாட்டினார்கள். வெயிலில் பசை இளகி, முதல் 'ல்'லின் புள்ளி மட்டும் கழன்று விழுந்துவிட்டது. பலகை 'செலவ இல்லம்' என்று நின்றது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். "இருக்கிறதைத்தானேம்மா சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார்.

அதன் பிறகு மகள் புள்ளியை எழுத்தோடு மெல்லிய காம்பு வைத்துச் சேர்த்து வரைந்து காட்டினாள். எனக்கு அது ஒப்பவில்லை. புள்ளி என்றால் எழுத்தைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும். காம்பு வைத்தால் மெய்யெழுத்து கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடுகிறது. "அப்பா, விழுந்துட்டா மட்டும் அழகா?" என்றாள். இரண்டு நாள் வாதம். முடிவில் அடிப்பலகையிலேயே எழுத்தின் வடிவத்தை லேசரால் மெலிதாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் துண்டுகளைப் பொருத்தி, பசையையும் மாற்றினாள். இன்றுவரை புள்ளி விழவில்லை. பெயின்ட் அடிக்கிற அட்டை வெட்டுவதென்றால் மட்டும் காம்பு இல்லாமல் முடியாது. 'க'வுக்கும் 'த'வுக்கும் நடுவே இருக்கும் வட்டம் பொத்தென்று விழுந்து ஓட்டையாகிவிடும். அங்கே நான் வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'மி', 'கீ' போன்ற எழுத்துகளில் மேல்விலங்கு உடலின் மேல் ஏறியிருக்கும். திரையில் ஒன்றாகத் தெரியும், மெஷினுக்கோ அவை இரண்டு கோடுகள். இரண்டையும் ஒன்றாக இணைக்காமல் அனுப்பினால் விலங்கை அப்படியே அறுத்துத் தள்ளிவிடும். அதனால் தமிழை முதலில் டிசைன் மென்பொருளில் அடித்து, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, இணைத்த பிறகே மெஷினுக்கு அனுப்ப வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்து வரும் அழைப்பிதழ் வரிகள் வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அதையெல்லாம் படித்துத் திருத்திக் கொடுப்பதும் என் வேலை.

பிரெஞ்சும் இங்கே உதவுகிறது. நம் ஊர் சொல்தா வீடுகளில் இன்னும் பிரெஞ்சில் பெயர் வைக்கிறார்கள். 'வில்லா எலேன்' என்று ஒரு வேலை வந்தது. 'எலேன்' என்ற பெயரில் மூன்று முறை அந்த 'எ' எழுத்து வரும். முதல் எழுத்தின் மேல் கோடு வலப்புறம் ஏறும், இரண்டாவதன் மேல் இறங்கும், மூன்றாவதில் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ஒன்றையும் போடவில்லை. திக்தேயில் அக்சான் ஒன்று தவறினால் மதிப்பெண் குறைத்த வாத்தியார்களிடம் படித்தவன் நான். சும்மா விடுவேனா? போட்டுக் கொடுத்தோம். அந்த அம்மாள் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தாயாரின் பெயரைச் சரியாக எழுதி ரொம்ப நாளாயிற்று என்றார்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் வந்த அன்றே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், தண்ணீரின் வெப்பம் காலை மாலை, மீட்டர் காட்டும் மில்லி ஆம்பியர், வெட்டிய பொருள், குறிப்பு. முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்காது. மகள் முதலில் சிரித்தாள். மாப்பிள்ளை, "மாமா ஆபீஸைத் திறந்துட்டாங்க" என்றார்.

2024 பிப்ரவரி, எட்டாவது மாதம். கல்யாண சீசன். ஒரு வரவேற்புக்கு 200 தாம்பூலப் பெட்டிகளுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. 3 மி.மீ. அக்ரிலிக் நொடிக்கு 15 மி.மீ. வேகத்தில் வெட்டிக்கொண்டிருந்த மெஷின் 12-க்கு இறங்கியது, பிறகு 9. மெக்கானிக் வீடியோவில் பார்த்துச் சொன்னபடி லென்ஸைத் துடைத்தோம். கண்ணாடிகளின் முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, நாலு மூலையிலும் கதிர் ஒரே இடத்தில் சுடுகிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரி. குழாய்க்குள் ஊதா கலந்த ரோஸ் நிறமாக எரிய வேண்டிய ஒளி வெளிறிக்கொண்டே வந்து, ஒரு வியாழக்கிழமை காகிதத்தைக்கூட வெட்டவில்லை.

குழாய்க்கு உத்தரவாதம் பத்து மாதம். விற்றவருக்குப் போன் செய்தாள். "தண்ணி சூடாயிருக்கும் மேடம், இல்லன்னா ஃபுல் பவர்ல ஓட்டியிருப்பீங்க. அதுக்கு வாரண்டி கிடையாது" என்று வைத்துவிட்டார்கள். புதுக் குழாய் வாங்க அவளிடம் பணம் இல்லை, எங்களிடமும் இல்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை மூடி வைத்தாள். மறுநாள் காலை மாப்பிள்ளை பலகைகளைக் கட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். அங்கே தெரிந்த ஒருவரிடம் மெஷின் இருந்தது, மணிக் கணக்குக்குக் கூலி. அந்த 200 பெட்டியில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை, பேர் மிஞ்சியது.

நான் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். 'பொருள்', 'பார்வை', கீழே வரிசை எண் போட்டுப் பத்திகள். நோட்டின் பக்கங்கள் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். எட்டு மாதத்தில் ஓடியது 740 மணி. தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டிய நாள் ஒன்றுமில்லை. மீட்டர் 18 மில்லி ஆம்பியருக்கு மேல் போனதில்லை. தண்ணீர் மாற்றிய தேதிகள், பேட்டரித் தண்ணீர் வாங்கிய ரசீதுகள். பத்து நாளில் பதில் இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுக நேரிடும் என்று கடைசிப் பத்தி. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போயிற்று. ஒன்பதாம் நாள் முதலாளியே பேசினார். குரலே வேறாக இருந்தது. "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். மார்ச் மாதம் புதுக் குழாய் மரப்பெட்டியில் வந்தது, லாரி வாடகை மட்டும் எங்கள் தலையில். அன்றிலிருந்து நான் ஊருக்குப் போனால் மாப்பிள்ளைதான் நோட்டை எழுதுகிறார். கட்டம்கூட அடிக்கோலால் போடுகிறார்.

வாங்க நினைப்பவர்கள் கேட்க மறக்கும் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, உலோகம். குத்துவிளக்கையும் எவர்சில்வர் குடத்தையும் கொண்டுவந்து பேர் வெட்டித் தரச் சொல்கிறார்கள். முன்பு பாத்திரக் கடை வாசலில் டிர்ர் என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவாரே, அந்த நினைப்பு. இந்த லேசரை வெற்று உலோகம் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு ஃபைபர் லேசர் என்று வேறு மெஷின் இருக்கிறது. அதன் கதிர் கண்ணுக்குள் விழித்திரை வரை போகும். விலையும் பாதுகாப்பும் தனிக் கணக்கு.

இரண்டு, பி.வி.சி. பேனர், ஸ்டிக்கர், சமையலறை அலமாரிக்குப் போடும் ஃபோம் ஷீட், பல சமயம் செயற்கைத் தோல்கூட அந்த இனம்தான். வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். நெஞ்சைப் பிடிக்கும், மெஷினின் தண்டவாளமெல்லாம் துருவேறும். வாடிக்கையாளர் அக்ரிலிக் என்று சத்தியம் செய்தாலும் மகள் நம்புவதில்லை. ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுவாள். ஜுவாலை பச்சையாக வந்தால் அதில் குளோரின் இருக்கிறது; பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். போன வாரம்கூட ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்.

மெஷின் ஓடும்போது அறையை விட்டுப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தீப்பிடிக்கும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறோம். அவள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும் அரைமணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் போகிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் கேட்பதில்லை.

கட்டுபடியாகுமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் கணக்கு இதுதான். சென்ற மாதத்தோடு 24 தவணை வந்திருக்கிறது, ஒன்றுகூடத் தவறாமல். அந்தக் கடலூர் மாதமும் அதில் சேர்த்தி. தோட்டை அடகு வைத்துக் கட்டினாள் என்பது வீட்டம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னும் 26 பாக்கி. இரண்டாவது குழாய் 1,610 மணி ஓடியிருக்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக் இப்போது நொடிக்கு 14. அடுத்த குழாய்க்கென்று மகள் மாதம் 1,500 ரூபாய் தபால் ஆபீஸில் தனியாகக் கட்டிவருகிறாள்.